கடையை எங்கே தள்ளினோம்?
(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் 15ஆம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மலரில் போடணும், ஏதாவது பேசுங்கன்னு தலைவி அக்கா சொன்னாங்க. சேமிப்பு பத்தி, உள்கடன் பத்திப் பேச என்னை விட நல்லாப் பேசுறவங்க இருக்காங்க. நான் நம்ம ஊர் மதுக்கடை பத்திப் பேசறேன்னு சொன்னேன். "அதான் ஜெயிச்சாச்சே, அதைப் பத்தி என்ன பேசறது?"ன்னு கேட்டாங்க. ஜெயிச்சோமா இல்லையான்னு தான் பேசப் போறேங்கக்கா.

முதல்ல சட்டத்துல என்ன இருக்குன்னு சொல்லிடறேன். நாங்க அதைத் தெரிஞ்சுக்க மூணு மாசம் ஆச்சு. உங்களுக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் இருந்து அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. தனியாருக்குக் கடை விடறது அதோட முடிஞ்சது. கடை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு அந்த ஆண்டே விதி போட்டாங்க. மாநகராட்சி, நகராட்சி என்றால் பள்ளிக்கூடம், கல்லூரி, கோயில், மசூதி, சர்ச்சிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில், அதாவது நம்ம மாதிரி கிராமங்களில், 100 மீட்டர். 21 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு விற்கக் கூடாது.

இதுல விதிவிலக்கும் இருக்கு. நகரத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறித்த இடத்துக்கு இந்தத் தூரக் கணக்கு பொருந்தாது. கடை முதலில் வந்து, பள்ளியோ கோயிலோ பிறகு வந்தால் அப்பவும் பொருந்தாது. மனு எழுதறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பாத்துக்கணும். இல்லேன்னா முதல் நாளே மனுவைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க.

அடுத்தது நெடுஞ்சாலை. 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. நம்ம தமிழ்நாட்டு வழக்குதான் அது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது, 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று சொன்னது. 20 ஆயிரம் பேர் அல்லது அதற்குக் குறைவாக வசிக்கிற ஊர்களுக்கு அதை 220 மீட்டர் என்று பிறகு குறைத்தது. குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஜனங்க சாகிறதைத் தடுக்க வந்த தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். ஆனா ரோட்டோரம் இருந்த கடை எல்லாம் எங்கே போகும்? ஊருக்குள்ள வந்துச்சு. அந்த வருஷம் சித்திரை, வைகாசியில் தமிழ்நாடு முழுக்கப் பொம்பளைங்க கடை முன்னாடி உக்காந்ததுக்கு அதுதான் காரணம்.

நம்ம ஊருக்கும் அப்படித்தான் வந்தது. மேற்கே ரோட்டு மேல இருந்த கடை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற தென்னந்தோப்புக்குள்ள வந்து உக்காந்தது. அப்போ கோடை லீவு. யாரும் பெருசா எடுத்துக்கலை. ஜூன்ல பள்ளி திறந்ததும்தான் தெரிஞ்சது. தோப்பு வழியா வர்ற பிள்ளைங்க பாட்டில் சில்லை மிதிச்சுக்கிட்டு வந்துச்சுங்க. மூணாம் வகுப்புப் பாப்பா ஒண்ணுக்குக் காலில் நாலு தையல்.

மறுநாள் காலையில நாங்க ரோட்டுல உக்காந்துட்டோம். 42 பேர். வேன்ல ஏத்திக் கல்யாண மண்டபத்துல கொண்டு போய் வச்சாங்க. மத்தியானம் எலுமிச்சை சாதம் கொடுத்தாங்க. சாயங்காலம் விட்டாங்க. வீட்டுக்கு வரும்போது கடையில விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது, வழக்கத்தை விடக் கூட்டம் அதிகம். என் வீட்டுக்காரரே அந்தக் கூட்டத்துல நின்னாரு. இதை நான் மறைக்கலை. இங்கே உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல அதே கதைதான்.

அப்புறம்தான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பொம்பளைங்களுக்கு, வருமானம் எவ்வளவா இருந்தாலும், அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது, குறிச்சு வச்சுக்கோங்க. அங்கே இருந்த வக்கீலம்மா எங்க கதையெல்லாம் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "எத்தனை மீட்டர்?"

நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். கோபம் எவ்வளவுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கடைக்கு இடம் பார்த்தப்போ அளந்த கணக்கைக் கேட்டோம். 212 மீட்டர்னு பதில் வந்தது. பொய் இல்லை. பள்ளியோட முன்வாசலிலிருந்து தார் ரோட்டைச் சுத்தி வந்தா அவ்வளவுதான். ஆனா நம்ம பள்ளிக்குப் பின்வாசல் ஒண்ணு இருக்கு. கிழக்கேயிருந்து வர்ற பிள்ளைங்க எல்லாம் வரப்பு வழியா வந்து அந்த வாசல்லதான் நுழையுங்க. வக்கீலம்மா விதியைப் படிச்சுக் காட்டினாங்க. கடை வாசலின் நடுவிலிருந்து, ஜனங்க வழக்கமா நடக்கிற கிட்டத்து வழியில, பள்ளியோட கிட்டத்து வாசல் நடு வரைக்கும் அளக்கணும். காக்கா பறக்கிற தூரமும் கணக்கில்லை, கார் சுத்திப் போற தூரமும் கணக்கில்லை. கால் நடக்கிற தூரம்தான் கணக்கு.

நூறு நாள் வேலையில பணித்தளப் பொறுப்பாளரா இருந்த நம்ம குழுத் தங்கச்சிகிட்ட 30 மீட்டர் நாடா இருந்துச்சு. குழி அளந்து அளந்து அவளுக்குப் பழக்கம். காலையில ஆறு மணிக்குப் போய் அளந்தோம். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி எழுத, ஒருத்தி போட்டோ எடுக்க. 84 மீட்டர் வந்தது. திரும்பவும் அளந்தோம். 84தான். அந்தத் தங்கச்சி வரப்பிலேயே உக்காந்து அழுதுட்டா. மூணு மாசமா ரோட்டுல கத்தினோம், இந்த நாடா வீட்டுப் பரண்லதானே கிடந்துச்சுன்னு.

பின்வாசல் தினமும் திறந்திருக்கும்னு தலைமை ஆசிரியர்கிட்ட எழுதி வாங்கினோம். பிள்ளைங்க அந்த வழியில வர்ற போட்டோ வச்சோம். கிராம சபைத் தீர்மானம் வச்சோம். கிராம சபைத் தீர்மானம் முக்கியம், ஆனா அது மட்டுமே கடையை மூடிடும்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க. அனுமதி மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கு. தீர்மானம் நம்ம குரல். அளவு நம்ம ஆதாரம். ரெண்டும் சேர்ந்து போகணும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். வந்து திரும்ப அளந்தாங்க. ஆவணி கடைசியில கடையைக் காலி பண்ணினாங்க. அன்னிக்கு அம்மன் கோயில்ல பொங்கல் வச்சோம், ஞாபகம் இருக்கா?

இது வரைக்கும் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நம்ம வங்கி சார் கூட நாலு ஊர்ல சொல்லிப் பெருமைப்பட்டிருக்காரு. இதுக்கு அப்புறம் நடந்ததை நாம யாரும் மேடையில சொன்னதில்லை.

கடை காத்துல கரைஞ்சு போகலை. ரெண்டு கிலோமீட்டர் கிழக்கே, தொகுப்பு வீடுகள் பஸ் நிறுத்தம் பக்கத்துல போய் உக்காந்தது. அங்கே 60 வீடு. நம்ம கூட்டமைப்போட மூணு குழு அங்கேதான் இருக்கு. விதிப்படி அந்த இடத்துல ஒரு குற்றமும் இல்லை. ஏன்னா அங்கே பள்ளிக்கூடம் இல்லை, அங்கேயிருந்துதான் பிள்ளைங்க நம்ம பள்ளிக்கு வரப்பு வழியா வருதுங்க. அரசுக் கணக்குல கோயிலும் இல்லை. அளக்கறதுக்கு அங்கே எதுவுமே இல்லை.

பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்குத்தான் அந்த 100 மீட்டர் காவல். பள்ளிக்கூடமே கிடைக்காத ஊருக்கு ஒரு மீட்டர் கூடக் கிடையாது. கோயில் கட்ட வசதி இருக்கிற தெருவுக்குக் காவல் உண்டு. வேப்ப மரத்தடியில கல்லை நட்டுக் கும்பிடற தெருவுக்கு யாரு இருக்கா? எந்த ஊர் எப்பவும் கிழக்கே ஒதுங்கி இருக்கு, அங்கே யாரு குடியிருக்காங்கன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?

பனியன் கம்பெனிக்குப் போற பிள்ளைங்க ராத்திரி எட்டரை பஸ்ஸுல வந்து அந்த நிறுத்தத்துலதான் இறங்கணும். கடை பத்து மணி வரைக்கும். விளக்குக் கிடையாது. ஒரு பெண் ரெண்டு வாரம் பொறுத்துட்டு வேலையை விட்டுட்டா. அவ வாங்கின குழுக்கடன் மூணு தவணை நின்னு போச்சு. நாம என்ன பண்ணினோம்? கூட்டத்துல நிலுவைப் பட்டியலை வாசிச்சோம். ஏன் கட்டலைன்னு கேட்டோம்.

அப்போ அந்தக் குழு ஊக்குநர் எழுந்து நின்னு சொன்னா: "அக்கா, நீங்க நாடாவை எடுத்துக்கிட்டு வந்து அளந்தீங்க. அது எங்க வீட்டுப் பக்கம் வரவே இல்லையே."

யாரும் பேசலை. எனக்கு மட்டும் அடி வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னா அந்த மனுவை எழுதினது நான். அதோட கடைசி வரி எனக்கு மனப்பாடம். "ஆகையால் மேற்படி கடையை வேறு இடத்துக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கிறோம்." வேறு இடம்! அந்த வேறு இடத்துல யாரு இருக்காங்கன்னு நான் நினைச்சுப் பாக்கலை. என் ஊர்ப் பேர் அதுல இல்லைங்கிறதே எனக்குப் போதுமா இருந்துச்சு. அவங்க கேட்டதைக் கொடுத்துட்டாங்க.

திரும்ப வக்கீலம்மாகிட்டப் போனோம். இந்த முறை அந்தத் தங்கச்சியும் கூட வந்தா. அப்போ அவங்க மகாராஷ்டிரா பத்தி ரெண்டு விஷயம் சொன்னாங்க. உங்களுக்கும் உபயோகப்படும்.

ஒண்ணு, அங்கே கடையை மூடப் பொம்பளைங்க ஓட்டுப் போடலாம். ஊர்ல இருக்கிற பெண் வாக்காளர்கள்ல 25 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டா, ரகசிய வாக்கெடுப்பு நடத்துவாங்க. சீட்டுல ரெண்டு படம். நிக்கிற பாட்டில்னா கடை இருக்கட்டும். படுத்த பாட்டில்னா கடையை மூடு. பாதிக்கு மேல படுத்த பாட்டிலுக்கு விழுந்தா கடை போயிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் போடலாம். அதுல பாருங்க, கடை மூடப்படுது. பக்கத்து ஊருக்குத் தள்ளுங்கன்னு ஒரு படம் அந்தச் சீட்டுல இல்லை. நம்ம மாநிலத்துல இப்படி ஒரு ஏற்பாடு இல்லை. கேட்க வேண்டியது நாமதான்.

ரெண்டாவது, மும்பை டான்ஸ் பார் கதை. 2005இல் மகாராஷ்டிர அரசு ஆட்டம் நடக்கிற பார்களுக்குத் தடை போட்டது. பெரிய நட்சத்திர ஓட்டலுக்கு மட்டும் விலக்கு. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரே நாள்ல வேலை போச்சு. அவங்களுக்கு மாற்று வேலைக்கு ஒழுங்கான வழி செய்யாமலே தடை வந்தது. அந்தத் தடை செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2016இல் அரசு வேற சட்டம் கொண்டு வந்தது. பள்ளி, கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கணும்னு அதுல ஒரு நிபந்தனை. 2019 ஜனவரியில் நீதிமன்றம் அந்த நிபந்தனையையும் ரத்து செய்தது. மும்பை மாதிரி நெருக்கமான ஊர்ல எங்கே நின்னாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒரு கோயிலோ பள்ளியோ இருக்கும். அப்போ அது தூர விதி இல்லை, மறைமுகமான தடை. சாயங்காலம் 6 முதல் இரவு 11.30 வரைதான் நடத்தலாம்ங்கிற நேரக் கட்டுப்பாட்டை இருக்கட்டும்னு விட்டாங்க.

நான் கேட்டேன், "அந்த பார் வேற, நம்ம கடை வேற. அது நமக்கெதுக்குங்கம்மா?"ன்னு. அவங்க சொன்னாங்க: நியாயமான தூரம் கேளுங்க, நியாயமான நேரம் கேளுங்க, கோர்ட்டுல நிக்கும். கோபத்துல ஒரு கிலோமீட்டர் கேட்டா நிக்காது. அது மட்டும் இல்லை, நீங்க வரைகிற கோட்டுக்கு அந்தப் பக்கமும் பொம்பளைங்க இருப்பாங்க, அதைப் பாத்து வரைங்க. மும்பையில ஆடிக்கிட்டிருந்தவங்களும் யாரோ ஒருத்தரோட அம்மாதான், வட்டிக்கு வாங்கினவங்கதான். அவங்களைக் கேக்காம அவங்க மானத்தைக் காப்பாத்தறோம்னு சட்டம் போட்டாங்க. நாங்களும் தொகுப்பு வீட்டுக்காரங்களைக் கேக்காம நம்ம ஊர் மானத்தைக் காப்பாத்தினோம்.

அதுக்கப்புறம் 11 குழுவும் சேர்ந்து ஒரே மனு எழுதினோம். "வேறு இடத்துக்கு மாற்று"ங்கிற வரி அதுல இல்லை. கடையை மூடணும்னு கேட்டோம். மூடும் வரைக்கும் நாலு காரியம் நடக்கணும்னு கேட்டோம். கடையை ஒட்டி அனுமதி இல்லாம போட்டிருந்த பார் கொட்டகையை எடுக்கணும். நிறுத்தத்துல விளக்குப் போடணும். ராத்திரி பஸ் வீடுகளுக்கு முன்னாடியே நிக்கணும். எட்டு மணிக்கு மேல ரோந்து வரணும்.

கொட்டகையை எடுத்துட்டாங்க. ஊராட்சியில ரெண்டு விளக்குப் போட்டாங்க. பஸ் இப்போ வீடுகளுக்கு முன்னாடி நிக்குது. ரோந்து சில நாள் வரும், சில நாள் வராது. கடை இன்னும் அங்கேயே இருக்கு. அதை உங்ககிட்ட மறைச்சுப் பேச எனக்கு மனசு வரலை. 2023 ஜூனில் அரசு 500 கடையை மூடினப்போ நம்ம கடை பட்டியல்ல வருமான்னு பாத்தோம், வரலை. 2023-24இல் மட்டும் மது விற்பனையால அரசுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல வருமானம். அதனால ஒரு கடையை மூடறது ஒரு மனுவுல முடியற வேலை இல்லைன்னும் எங்களுக்குப் புரிஞ்சது.

வேலையை விட்ட அந்தத் தங்கச்சி திரும்பக் கம்பெனிக்குப் போறா. நின்ன தவணையைக் கட்டி முடிச்சுட்டா. அவ பேர் சொல்ல வேண்டாம்னு சொன்னா, சொல்லலை. இங்கேதான் உக்காந்திருக்கா.

நம்ம தீர்மானப் புத்தகத்துல அந்த வருஷம் ஒரு தீர்மானம் எழுதியிருக்கோம். புதுசாச் சேர்ந்தவங்க பாத்திருக்க மாட்டீங்க. மதுக்கடையோ, குப்பைக் கிடங்கோ, சாயத் தண்ணிக் குழாயோ, எதுவா இருந்தாலும் சரி, நம்ம ஊரை விட்டு எடுக்கச் சொல்லி எந்தக் குழு மனு எழுதினாலும், அது எங்கே போகும்னு முதல்ல கேக்கணும். அங்கே இருக்கிற குழுக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசணும். அவங்க கையெழுத்து இல்லாம கூட்டமைப்பு முத்திரை போடக் கூடாது.

இன்னொரு கோரிக்கையும் இருக்கு. அடுத்த கிராம சபையில எல்லாரும் வந்து இதைச் சொல்லுங்க. பள்ளி, கோயில் மட்டும் இல்லை, குடியிருக்கிற வீட்டிலிருந்தும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் தூரம் கணக்குப் பண்ணணும்னு விதியைத் திருத்தச் சொல்லி அரசைக் கேட்கணும். குடும்பம் நடத்துற வீட்டைவிடப் பெரிய கோயில் எது? இப்போ வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடாம, தீர்மானம் எழுதற வரைக்கும் இருங்க. எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வாங்க.

அந்த நாடா இப்போ நம்ம கூட்டமைப்பு அலுவலகப் பீரோவுலதான் இருக்கு. எந்தக் குழுவுக்கு வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம், நோட்டுல எழுதி வச்சுட்டு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க வீட்டு வாசல்லேர்ந்து அளந்து முடிச்சதும் சுருட்டிடாதீங்க. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு, அவ வாசல்லேர்ந்தும் ஒரு தடவை அளங்க.

 கிழக்கே இருந்து வந்திருக்கிற என் தங்கச்சிகளுக்கு நன்றி மட்டும் போதாது. மன்னிச்சுக்கோங்க கண்ணுங்களா.